மழை ஓயாத ஊரில் தைம் செடியை வளர்ப்பதும் பயன்படுத்துவதும்

மொரீசியஸ் தீவின் வாக்வாவில் வசிக்கும் நீங்கள், தொட்டியில் வைத்த தைம் என்னும் மூலிகைச் செடி ஏன் கருகிப்போகிறது என்றும், சமையலுக்கும் இருமலுக்கும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து ஊரான க்யூர்பீப்பில் பல ஆண்டுகளாக அதை வளர்த்துவருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தைம் மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட கற்சரிவுகளுக்கு உரிய செடி. ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் குளிர்ச்சி அதற்கு ஒத்துக்கொண்டாலும், ஓயாத தூறல் ஒத்துக்கொள்வதில்லை. இலை வாடுவதைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள். வேரோ அதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். ஆகவே அடியில் துளையுள்ள மண்தொட்டியில், மண்ணுக்குச் சரிபாதியாக, கட்டட வேலைக்கு விற்கும் கருங்கல் மணலைக் கலந்துவிடுங்கள். கடல் மணல் வேண்டாம். அதில் உப்பு உண்டு, காயலில் மணல் அள்ளுவதும் 2001 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே நீர் விடவேண்டும். எருவையும் அளவோடு இடுங்கள். கொழுத்து வளரும் செடியில் மணம் குறைந்துவிடும்.

விதை மிகப் பொடியானது, முளைத்து வளர நாளாகும். பூக்காத இளந்தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி மே மாதத்தில் ஊன்றுவதோ, தாழ்ந்த கிளையை மண்ணில் பதியன் போடுவதோ எளிது. சனவரி முதல் மார்ச் வரை, புயல் எச்சரிக்கை வந்தாலும் வராவிட்டாலும், தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. சில ஆண்டுகளில் அடித்தண்டு கட்டையாகிவிடும். அதற்குள் புதுச்செடி தயாராக இருக்கட்டும்.

சமையலில், கொத்தமல்லியைப் போல இறக்கும்போது தூவாமல், தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டிய இலை இது. ரூகாய் என்னும் தக்காளிக் குழம்பு செய்யும்போது வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு இரண்டு மூன்று தண்டுகளை எண்ணெயில் போட்டு, பிறகு தக்காளியைச் சேர்த்தால், மணம் எண்ணெயில் இறங்கிக் குழம்பு முழுவதும் பரவும். பரிமாறுமுன் தண்டை எடுத்துவிடலாம். காய்ந்த இலையானால் மூன்றில் ஒரு பங்கு போதும். காவடிக்குப் பிறகு வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிகளில் இதைச் சேர்ப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கறிவேப்பிலை தாளித்த இடத்தில் தைமுக்கு வேலையில்லை.

மருந்துக் குணத்துக்கு முக்கியக் காரணம் தைமால் என்னும் பொருள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த நம் ஓமத்திலும் அதுவே நிறைந்திருப்பதால், பாட்டிமார் ஓமநீர் கொடுத்ததும் இங்குள்ள கிரியோல் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளி) வீடுகளில் தைம் கஷாயம் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. சளியோடு வரும் இருமலுக்கு, காய்ந்த இலை ஒரு தேக்கரண்டியை 150 மில்லி கொதிநீரில் இட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டி, பெரியவர்கள் நாளொன்றுக்கு மூன்று முறை குடிக்கலாம். மூடாவிட்டால் ஆவியோடு எண்ணெயும் போய்விடும். தேன் சேர்க்கலாம், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. கடையில் சிறு புட்டியில் விற்கும் தைம் எண்ணெயை ஒருபோதும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உணவில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தாலும், இருமல் ஒரு வாரத்தைத் தாண்டினாலும், கஷாயத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இங்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.