முதலில் முள், அப்புறம் வெயில்

கேள்வி: எனக்கு வயது 46, ஊர் காட்பாடி. ஒரு வருடமாக மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை பாலமதி, சில வாரம் கணியம்பாடி வழியாக அமிர்தி பக்கம். அடுத்து ஜவ்வாது மலைக்குப் போக ஆசை. தூரத்தில் பார்க்க இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.50 பவர். படிக்கவும் சேர்த்து புரோகிரசிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன். ஓட்டும்போதும் அதேதான். இறக்கத்தில் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல் தெளிவாகத் தெரிவதில்லை. ஏற்றத்தில் ஆவி பிடித்துக்கொள்கிறது. நண்பர்கள் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வாங்கச் சொல்கிறார்கள். கடைக்காரரோ வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் ஒன்றே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டுமே உங்களுக்கு இரண்டாவது கண்ணாடிதான். முதல் கண்ணாடி நிறமே இல்லாத, அல்லது லேசாக நிறம் ஏற்றிய, சிதறாத பிளாஸ்டிக் லென்ஸாக இருக்க வேண்டும். கண்ணாடி என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். கத்திரி வெயிலில் வெந்த ஊர்க்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் மண்பாதையில் ஓட்டுகிறவரின் கண்ணை ஒரே நொடியில் கெடுக்கக்கூடியது வெயில் இல்லை, முள்.

சில வருடங்களுக்கு முன்பு ஓட்டேரி பக்கமிருந்து பாலமதி அடிவாரத்துக்குப் போகும் ஒரு ஒற்றையடிப் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போனவரின் தோளில் மாட்டி வளைந்த வேலிகாத்தான் கிளை ஒன்று, அவர் கடந்ததும் விடுபட்டு என் முகத்தில் அறைந்தது. இமைக்க நேரமில்லை. புருவத்துக்கு மேல் ரத்தம். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், இடது லென்ஸில் மூக்குப் பக்கம் ஆரம்பித்து கருவிழிக்கு நேராக ஓடி வெளி ஓரம் வரைக்கும் ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஆழம். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த லென்ஸ் இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தயங்கி நின்றால் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்காது. (குழுவாகப் போகிறவர்கள் கொஞ்சம் இடம் விட்டுப் போங்கள், ஐயா. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து ஓட்டினால் இதுதான் கிடைக்கும்.)

அன்று என்னைக் காப்பாற்றியது பாலிகார்பனேட். வழக்கமான பவர் கண்ணாடிகளில் வரும் சிஆர்-39, 1.56 வகை பிளாஸ்டிக்குகள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் போதும். ஆனால் வேகமாக வரும் கல் பட்டால் விரிசல் விட்டுத் துண்டாகலாம். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், சுலபத்தில் உடையாது. பட்டறைகளில் போடும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் பெரும்பாலும் இதில்தான் செய்யப்படுகின்றன. ஐரோப்பாவின் ஈஎன் 166 தரத்தில் ‘எஃப்’ குறியீடு வாங்க வேண்டுமென்றால், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்று நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் லென்ஸ் தாங்க வேண்டும். மணிக்கு 162 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லாரி டயர் தெறிக்க விடும் சின்னச் சின்னக் கல்லுக்கு இது உதவும். இதன் குறை, கீறல் சீக்கிரம் விழும். அதனால் மேலே ஹார்டு கோட்டிங் இல்லாமல் வாங்காதீர்கள். டிரைவெக்ஸ் என்று இன்னொன்று உண்டு. அதுவும் உறுதியானது, எடை இன்னும் குறைவு, பார்வையும் ஒரு படி தெளிவு. ஆர்டர் கொடுத்து வரவழைக்க வேண்டியிருக்கலாம், விலையும் கூடுதல். மைனஸ் 2.50-க்குப் பாலிகார்பனேட்டே தாராளம்.

இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. பாலிகார்பனேட் இயல்பாகவே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், நிறமே இல்லாவிட்டாலும். கறுப்பாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைப்பது தப்பு. நிழல் தருவது ஒரு வேலை, புற ஊதாவைத் தடுப்பது வேறு வேலை. புற ஊதாவைத் தடுக்காத மலிவான கறுப்புக் கண்ணாடி மோசமானது: இருட்டு என்று நம்பி கண்மணி விரிந்துகொள்ளும், கதிர் தாராளமாக உள்ளே போகும். லேபிளில் ‘யூவி 400’ இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, நிறம். கூலிங் கிளாஸ்களை எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுகின்றன என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரித்திருக்கிறார்கள். வகை 3 என்பது 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தை மட்டும் விடுவது. கடைகளில் தொங்கும் கறுப்புக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை இதுதான். வெட்டவெளியில், தார் ரோட்டில் நன்றாக இருக்கும். ஜவ்வாது மலையில் மொட்டைப் பாறையிலிருந்து மூங்கில் புதருக்குள் இறங்கும் இடத்தில் இதைப் போட்டிருந்தால் இரண்டு நொடி குருடர் மாதிரிதான். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டு நொடியில் 14 மீட்டர் போய்விடுவீர்கள். அந்தப் பதினாலு மீட்டரில் ஒரு வேர் இல்லாமலா இருக்கும்? மலைப்பாதைக்கு வகை 1 அல்லது 2 போதும். 43 முதல் 80 சதவீதம் வரை விடுவது வகை 1, 18 முதல் 43 வரை விடுவது வகை 2. நம் பக்கத்துச் செம்மண்ணில் பழுப்பு, செம்பு, ரோஜா நிற லென்ஸ்கள் மேடு பள்ளத்தைத் துலக்கிக் காட்டும். சாம்பல் நிறம் எல்லாவற்றையும் உள்ளபடி காட்டும், ஆனால் சப்பென்று இருக்கும். நீலக் கண்ணாடி போட்டோவுக்கு மட்டும்.

போட்டோகுரோமிக் பற்றிக் கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த லென்ஸில் உள்ள மூலக்கூறுகள் புற ஊதா பட்டுக் கறுக்கின்றன, சூட்டில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அதாவது வெப்பம் ஏற ஏற அது கறுப்பது குறையும். குளிர் நாட்டில் நன்றாகக் கறுக்கும் அதே லென்ஸ், மே மாதம் வேலூரில் 40 டிகிரியில் பாதி மனதோடுதான் கறுக்கும். தவிர, கறுக்க ஒரு நிமிடம் வரைக்கும், வெளிற அதைவிடப் பல நிமிடமும் எடுக்கும். மர நிழலோ நமக்கு மூன்று நொடியில் வந்து போகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் விடியற்காலை ஏறத் தொடங்கி வெயில் வந்த பிறகு முடிக்கிற மாதிரிப் பயணத்துக்கு அருமையான பொருள். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் காட்டுப்பாதையில் அதை நம்பி இருக்க வேண்டாம்.

போலரைஸ்டு லென்ஸ் தரையிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பும் கூசலை வெட்டிவிடும். பாலாற்றுப் பாலத்தில் எதிர்வெயிலில் போகும்போது சொர்க்கம். ஆனால் மலையில் அந்தப் பளபளப்புதான் நமக்குத் தகவல். பாறையில் ஊற்று கசிந்திருப்பதையும், பாசி ஈரமாக இருப்பதையும் அந்த மினுமினுப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதையே அழித்துவிட்டால்? ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் மீட்டரும் சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும். போலரைஸ்டுதானா என்று சோதிக்கவும் அதுவே வழி: கண்ணாடி வழியாகச் செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டே போனை மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் போலரைஸ்டு.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். கல் தெரியவில்லை என்றீர்களே, அது வயசுக் கோளாறு இல்லை. புரோகிரசிவ் லென்ஸின் அடிப்பாகம் படிக்கும் தூரத்துக்குச் செய்தது, கையில் பிடித்த செய்தித்தாளுக்கு. இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ளி, கண்ணை மட்டும் தாழ்த்தி சக்கரத்துக்கு முன்னால் பார்க்கும்போது நீங்கள் அந்தப் படிக்கும் பகுதி வழியாகத்தான் பார்க்கிறீர்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் கல் மங்கத்தான் செய்யும். மாடிப்படி இறங்கும்போதும் உங்களுக்கு இப்படி இருக்குமே? பைஃபோகல் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். சைக்கிளுக்குத் தனியாக, தூரப் பவர் மட்டும் போட்ட சிங்கிள் விஷன் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். மீட்டரில் எண் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அதைச் செய்யும்போது மூன்று வழி இருக்கிறது. ஒன்று, முகத்தைச் சுற்றி வளைந்த ஸ்போர்ட்ஸ் கண்ணாடியின் உள்ளே பவர் லென்ஸ் உள்ள சின்ன ஃப்ரேமைச் சொருகுவது. நிறத்தை மாற்றிக்கொள்ள வசதி, ஆனால் இரண்டு அடுக்குக்கு நடுவில் ஆவி நிற்கும். ஏற்கெனவே ஆவித் தொல்லை உள்ளவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது, கான்டாக்ட் லென்ஸ் போட்டு மேலே பவர் இல்லாத கண்ணாடி. பார்வை பிரமாதமாக இருக்கும். ஆனால் கல்குவாரி லாரி போகும் பாதையில் அந்தத் தூசி கான்டாக்ட் லென்ஸுக்குக் கீழே போனால் அங்கேயே உட்கார்ந்து கழற்ற வேண்டும், அதுவும் சுத்தமான கையால். மூன்றாவது, ஸ்போர்ட்ஸ் ஃப்ரேமிலேயே நேரடியாகப் பவர் லென்ஸ் போடுவது. உங்களுக்கு இதுதான். ரொம்ப வளைந்த ஃப்ரேமில் பவர் ஏற்றினால் ஓரங்களில் தரை சாய்ந்த மாதிரித் தோன்றும், அதனால் மிதமான வளைவு உள்ளதாக எடுங்கள். அளவு எடுக்கும்போது நேராக உட்காராமல், ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரி குனிந்து முகத்தை நிமிர்த்திக் காட்டுங்கள். அப்போது பார்வை லென்ஸின் மேல்பாகம் வழியாகப் போகும். அதற்கேற்ப மையம் குறிக்க வேண்டும். மேல் விளிம்பு தடிமனாக உள்ள ஃப்ரேம் பாதையையே மறைக்கும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கடைக்கு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம். போட்டுக்கொண்டு தலையை நாலு தடவை ஆட்டுங்கள். காதுக்கு மேலே ஹெல்மெட் ஃப்ரேமின் காம்பை அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வரும். சிரித்துப் பாருங்கள், கன்னம் கண்ணாடியைத் தூக்கக் கூடாது. இமை மயிர் லென்ஸில் உரசக் கூடாது. மூக்குத் தாங்கி ரப்பராக இருக்கட்டும், வழவழப்பான பிளாஸ்டிக் வியர்வையில் வழுக்கும். பவர் இல்லாத கண்ணாடி வாங்குகிறவர்கள் அதைக் கை நீட்டிப் பிடித்து, கதவு நிலையின் நேர்கோட்டை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே அசைக்க வேண்டும். கோடு நெளிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

ஆவி பிடிப்பது காற்றோட்டக் குறைவால். பாலமதி ஏற்றத்தில் மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே இல்லை, முகத்தின் சூடான ஈரக்காற்று லென்ஸில் படிந்து நிற்கிறது. மார்கழிக் காலையில் லென்ஸ் குளிர்ந்திருப்பதால் இன்னும் மோசம். லென்ஸுக்கும் கன்னத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி, மேலே காற்றுத் துளை, உள்பக்கம் ஆன்டி-ஃபாக் பூச்சு இவை உதவும். ஏற்றத்தில் கண்ணாடியை மூக்கில் ஒரு விரல் அளவு கீழே இறக்கிக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம், காசும் இல்லை. மே மாதம் ஆவி வராது, வியர்வை சொட்டும். அதற்கு ஹெல்மெட்டுக்குள் ஒரு பருத்தித் துணிப் பட்டை. முகத்தை மூடும் ரப்பர் காகிள் இறக்கத்தில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு, நம் சூட்டுக்கு அது அடுப்பு.

பவர் தேவையில்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ராணிப்பேட்டை சிப்காட் மாதிரித் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் சில நூறு ரூபாய்க்குத் தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி கிடைக்கும். ஈஎன் 166 ‘எஃப்’ அல்லது அமெரிக்கத் தரமான இசட் 87 பிளஸ் குறியீடு பார்த்து வாங்கினால், பல ஆயிரம் ரூபாய் ஸ்டைல் கண்ணாடி முள்ளைத் தடுக்கும் அதே வேலையை அது செய்துவிடும். கீறினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம்.

தூசி படிந்த லென்ஸை பனியன் நுனியால் துடைக்காதீர்கள், மணலைத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் துடையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கண்ணில் ஏதாவது பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். தூசி என்றால் போய்விடும். முள்ளோ இலையோ கிழித்த கண் என்றால், வலி குறைந்துவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். செடி கிழித்த காயத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். வயலில் வேலை செய்கிறவர்களிடம் நம் பக்கம் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது அது. உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் கண் சிவந்து கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி தெரியும். அந்தச் சமயத்தில் மருந்துக் கடையில் ‘கண்ணு செவந்திருக்கு’ என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதும் வேண்டாம். முள் குத்தி நின்றிருந்தால் பிடுங்காதீர்கள், கட்டுப் போட்டு அழுத்தாதீர்கள். பேப்பர் டம்ளரின் அடிப்பாகத்தைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, வேறு யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சைக்கிளை வழியில் ஏதாவது டீக்கடையில் விட்டுவிட்டுப் போகலாம்.