தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களே, உங்கள் சிறுவயது இன்றைய பிள்ளைகளின் சிறுவயதைவிடச் சுதந்திரமாக இருந்ததா?

இருந்தது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் கொஞ்சம் விளையாடிவிடுகிறேன்.

நான் 1967இல் பிறந்தவன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தேன். 'சிப்புட்' என்றால் மலாயில் நத்தை. பெயருக்குக் குறைவில்லாமல் ஆற்றில் நத்தை பொறுக்கி, பால் டின்னில் வேகவைத்துத் தின்றிருக்கிறோம். பெரியவர்களுக்கு அது அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் ஊர். வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன காலத்தில், தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். திண்ணையில் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்களுக்குப் பட்டணம் என்றால் ஐஸ் உருண்டை. சீவிய ஐஸைக் கையால் உருட்டிச் சிவப்புச் சீனிப்பாகு ஊற்றிக் கொடுப்பார்கள். பாகை உறிஞ்சிவிட்டு வெளுத்த உருண்டையைத் தம்பியிடம் நீட்டுகிற அயோக்கியத்தனமும் நான் செய்ததுதான்.

விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுந்துவிடுவார். ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது. கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும், தலையில் விளக்கும் தோளில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்புமாக ஆட்கள் ரப்பர் மர நிரைகளுக்குள் போய்விடுவார்கள். அப்பாவுக்கு மருந்தடிக்கும் வேலை, அவரும் போய்விடுவார். ஆறு மணிக்கு லயத்தில் மிஞ்சுவது கிழவிகளும் கோழிகளும் நாங்களும்தான். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். நாங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போய்ப் பகலில் திரும்பினால், அம்மா வெட்டிய ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். 'அந்தக் காலத்தில் பெற்றோர் எங்களை நம்பி விட்டார்கள்' என்று என் வயதுக்காரர்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். யார் நம்பினார்கள்? வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கள் ராஜ்ஜியம். ரப்பர் காய் வெடிக்கும் பருவத்தில் தோட்டம் முழுக்கப் பட் பட்டென்று சத்தம் கேட்கும். சத்தம் வந்த திசைக்கு ஓடினால் புள்ளி புள்ளியாகப் பழுப்புக் கொட்டை, எண்ணெய் பூசியது போல மினுங்கும். ஒரு கொட்டையின் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்த வேண்டும், உடையாதது ஜெயித்தது. ஜெயித்த கொட்டைக்கு நெருப்புப் பெட்டியில் தனி அறை. தோற்றவன் வேறு விதத்தில் பழிவாங்குவான். கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, முன்னால் இருப்பவனின் கையில் வைத்து அழுத்துவான். சுரீர் என்று சுடும். அந்தச் சூட்டுக்கு அழுதவனை ஒரு வாரத்துக்கு ஆட்டத்தில் சேர்க்கமாட்டோம்.

1978இல், ஐந்தாம் வகுப்பில், கோல கங்சாருக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கத்தில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. பிரேசிலிலிருந்து விதை லண்டனுக்குப் போனது, முளைத்த கன்றுகள் கிழக்கே வந்தன, அவற்றில் ஒன்பது இங்கே நடப்பட்டன, அதில் மிஞ்சியது இந்த மரம் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே திரும்பினால் பின்னால் ஒருவனும் இல்லை. அத்தனை பேரும் மண்டியிட்டுத் தரையில் கொட்டை தேடிக்கொண்டிருந்தோம். ஆதி மரத்துக் கொட்டையை எவன் உடைக்க முடியும்! எனக்கு இரண்டு கிடைத்தன. லயத்துக்கு வந்து குத்தினால் ஒன்று முதல் குத்திலேயே பிளந்தது. மற்றதை எடுத்து விளையாட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒட்டுப்பால் பந்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதிலுக்கே அர்த்தமில்லை. பால் வெட்டிய கோட்டில் மறுநாள் பால் காய்ந்து நாடாவாக ஒட்டியிருக்கும். ஒரு முனையை நகத்தால் கிளப்பி இழுத்தால், மரத்தைப் பாதி சுற்றி ஒரே இழையாக வரும். கசக்கிய செய்தித்தாளின் மேல் அதை இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். கை முட்டி அளவுக்கு வர எத்தனையோ மரம் பிடிக்கும். கையில் ஏறிய புளிச்ச வாடை சோறு தின்னும்போதும் போகாது. தரையில் அடித்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. ஆனால் ஒட்டுப்பாலும் நிறுவைக்குப் போகிற சரக்கு, அதற்கும் அம்மாவுக்குக் காசு உண்டு. ஒருநாள் கட்டிலுக்கு அடியில் பந்தைக் கண்டுபிடித்தார். அடிக்கவில்லை. ஒட்டுப்பால் சாக்கில் போட்டுக் கட்டி, மறுநாள் நிறுத்துக் கொடுத்துவிட்டார். "உன் பந்து எத்தனை காசு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பள்ளியில் தோல் பந்து வந்தது. எல்லாருக்கும் கோல்காவலராக நிற்க ஆசை, காரணம் மலேசியக் கால்பந்து அணியின் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கியவர், நம்மவர். 1980இல் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது தோட்ட எழுத்தரான கிராணி வீட்டு ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர் நின்றோம். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்தது எங்களுக்குப் புரியவே இல்லை. ஜெயித்தவர்கள் ஏன் போகவில்லை?

ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்த பழைய ஈயக்குட்டைகளிலும் குளித்தோம். கிந்தா பக்கம் அவற்றுக்குப் பஞ்சமில்லை. மேலே பச்சைத் தண்ணீர் அமைதியாக இருக்கும், கரையிலிருந்து இரண்டாவது எட்டில் தரை இருக்காது. எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்துப் பையன் ஒருவன் அதில் போனான். என்னைவிட ஒரு வயது சின்னவன். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா பெரட்டுக்கு வந்து நின்றார். இன்றைய பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வளர்க்கிறார்கள் என்று குறைசொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா நினைவுக்கு வருகிறார்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். எனக்கு மூன்று வயது மூத்த அக்கா ஒருத்தி. 1973இல் தம்பி பிறந்தான். ஆயாக்கொட்டகையில் அவன் தங்கமாட்டான், கத்தி ஊரைக் கூட்டுவான். பள்ளி விட்டதும் அவனைத் தூக்கி வருவது அக்காவின் வேலை. இடது இடுப்பில் அவன், வலது கையில் புத்தகப் பை. அரிசி களைந்து உலை வைப்பதும் அவள்தான். நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நிரைக்குள் ஓடியிருப்பேன்.

அவளுக்கும் ஆட்டம் உண்டு. பாண்டி ஆடப் போனால், தம்பியை இறக்கிவிட்ட மறுநிமிடம் அவன் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அதனால் பாண்டியை விட்டுவிட்டாள். மிஞ்சியது ஐந்தாங்கல். உட்கார்ந்து ஆடலாம், ஒரு கை போதும். தம்பியை இடது கையால் மடியோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை வாரி எடுப்பாள். நாலு லயத்திலும் அவளை ஜெயிக்க ஆளில்லை. ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. நான் பட்டணத்து இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்த வருடம், அவள் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோட்டம் பிறகு செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டது. முள்ளும் இருட்டுமாக இருக்கிறது, உள்ளே ஓடி விளையாட இடமில்லை. லயங்களும் இல்லை.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தோம். பேத்தி கைப்பேசியும் கையுமாக இருந்தாள். அக்கா எழுந்து போய்ப் பூந்தொட்டியிலிருந்து ஐந்து கற்களைப் பொறுக்கி, துடைத்துக்கொண்டு வந்து தரையில் சம்மணம் போட்டாள். அறுபதைத் தாண்டிய கை. முதல் எறிக்கே ஒரு கல்லும் சிதறவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாரிக்கொண்டே போனாள். பேத்தி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் பார்த்தது இடது கையை. ஆட்டம் முடியும்வரை அது முழங்கையில் மடங்கி, மடிக்கு மேலே வெறும் காற்றை அணைத்துக்கொண்டே இருந்தது. தம்பி எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது.