டோர்ட்முண்டில் வாக்கு, பலெர்மோவில் சிக்கல்: எந்த ஐரோப்பிய உறுப்பினருக்கு எழுதுவது?

கேள்வி: ஜேர்மனியில், டோர்ட்முண்டில் வசிக்கிறேன். வயது 64. ஊரிலிருந்து முதலில் இத்தாலிக்கு வந்து பலெர்மோவில் 13 வருடம் வீட்டுவேலை செய்தேன். காப்புறுதிப் பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டது. இத்தாலியப் பிரஜாவுரிமையோடு இங்கே வந்து 12 வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிறகு ஜேர்மன் பிரஜாவுரிமையும் எடுத்தேன். ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்க்கக் கொடுத்தபோது, இத்தாலியிடம் விபரம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். 16 மாதமாகிறது, பதில் இல்லை. 2024இல் ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு வாக்குப் போட்டேன். என் தொகுதி உறுப்பினர் யார்? அவருக்கு எழுதினால் ஏதாவது நடக்குமா? என்னோடு இருக்கும் தங்கச்சி இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கிறார். அவரும் எழுதலாமா?

பதில்: அக்கா, உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை முதலில் எடுத்துவிட வேண்டும். "தொகுதி" என்ற ஒன்று உங்களுக்கு இல்லை. ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தலில் ஜேர்மனி முழுவதற்கும் 96 இடங்கள். டோர்ட்முண்டுக்கு என்றோ, நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்துக்கு என்றோ அவை பிரிக்கப்படுவதில்லை. 2024 ஜூன் 9ஆம் திகதி உங்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள். நீளமான தாள், மேலிருந்து கீழ்வரை கட்சிகள், ஒவ்வொரு கட்சிக்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் முதல் பத்து வேட்பாளர்களின் பெயரும் தொழிலும் ஊரும். நீங்கள் புள்ளடி போட்டது ஒரு கட்சிக்கு. ஆளைத் தெரிவு செய்ய அங்கே வழி இல்லை. கட்சி எந்த வரிசையில் பெயர்களை வைத்ததோ அதே வரிசையில்தான் ஆட்கள் உள்ளே போவார்கள்.

இங்கே பண்டஸ்டாக் என்ற ஜேர்மன் பாராளுமன்றத் தேர்தலில், 5 சதவீத வாக்கு எடுக்காத கட்சி உள்ளே போக முடியாது என்ற தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐரோப்பிய தேர்தலில் அது இல்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் 5 சதவீதத் தடையையும், 2014இல் 3 சதவீதத் தடையையும் செல்லாது என்று தீர்த்துவிட்டது. அதனால் 2024இல் சிறிய கட்சிகள் பலவும் உள்ளே போயின. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் பவேரியாவின் சகோதரக் கட்சியும் சேர்ந்து 29 இடங்கள், ஏஎஃப்டி 15, சமூக ஜனநாயகக் கட்சி 14, பசுமைக் கட்சி 12. ஒரேயொரு உறுப்பினரை அனுப்பிய கட்சிகளும் நான்கு இருக்கின்றன. சட்டப்படி பார்த்தால் இந்த 96 பேருமே உங்கள் பிரதிநிதிகள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 96 பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று 96 அலுவலகங்களும் ஒதுக்கி வைத்துவிடும். இது நான் கண்ணால் கண்ட விஷயம். நம் ஆட்களுக்கு அலுவலகக் கடிதம் எழுதிக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு தடவை ஓர் அண்ணை, பத்திரங்கள் கோர்த்த தடித்த கோப்பு, அந்த ஓட்னர் ஒன்றோடு என் குசினி மேசைக்கு வந்தார். உள்ளே பன்னிரண்டு பக்கக் கடிதம். 1987இல் கப்பல் ஏறியதில் தொடங்கி, எட்டாம் பக்கத்தில்தான் பிரச்சினைக்கு வந்தது. அதை அப்படியே எல்லா உறுப்பினருக்கும் மின்னஞ்சல் செய்திருந்தார். ஒருவரும் திரும்பி எழுதவில்லை. அதையே ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, இரண்டே இரண்டு பேருக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஒரு உதவியாளர் தொலைபேசி எடுத்தார். அந்த இரண்டு பேரை எப்படித் தெரிவு செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உங்கள் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது? டோர்ட்முண்டில் இல்லை. இங்கேயுள்ள அலுவலகம் எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பதில் வராமல் கிடப்பது இத்தாலியில். அப்படியானால் ஜேர்மன் உறுப்பினர் ஒருவர் போதாது, இத்தாலிய உறுப்பினர் ஒருவரும் வேண்டும். இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே 76 இடங்கள், நாடு ஐந்து தொகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பலெர்மோ இருக்கும் சிசிலியும் சார்டினியாவும் சேர்ந்து "தீவுகள்" என்று ஒரு தொகுதி, அதற்கு 8 உறுப்பினர்கள். அங்கே வாக்காளர்கள் ஆளின் பெயரையும் எழுதி விருப்பு வாக்குப் போடலாம். அதனால் அந்த 8 பேரும் ஊர்க்காரரின் கடிதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுப்பார்கள். நீங்கள் 13 வருடம் பலெர்மோவில் உழைத்து வரி கட்டியவர், இத்தாலியப் பிரஜை. அவர்களுக்கு எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. (வாக்கு மட்டும் ஒரு நாட்டில்தான். 2014இல் இரண்டு கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரு பிரபல பத்திரிகையாளர் இங்கே ஒன்றும் இத்தாலியத் துணைத் தூதரகத்தில் ஒன்றுமாக வாக்குப் போட்டதைத் தொலைக்காட்சியில் சொல்லி, விசாரணைக்கு முகம்கொடுக்க வேண்டி வந்தது. 2029 தேர்தலில் கவனமாக இருங்கள்.)

ஜேர்மன் பக்கத்தில் யார்? ஐரோப்பிய பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் நாடுவாரியாக உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, ஜேர்மன் மொழியிலேயே பார்க்கலாம். ஒவ்வொருவரின் பக்கத்திலும் அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது வேலைவாய்ப்பு, சமூக விவகாரக் குழுவில் இருப்பவர், அல்லது மனுக்கள் குழுவில் இருப்பவர். அவர்களில் உங்கள் மாநிலத்தில் அலுவலகம் வைத்திருப்பவரைப் பாருங்கள். தொகுதி இல்லாவிட்டாலும், கட்சிகள் நடைமுறையில் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு உறுப்பினரின் பொறுப்பில் விடுவது வழக்கம். நீங்கள் வாக்களித்த கட்சியாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்று அவர்கள் கேட்கவும் கூடாது, நீங்கள் சொல்லவும் தேவையில்லை.

சரி, அவரால் என்ன செய்ய முடியும்? உத்தரவு போட முடியாது. எந்த நாட்டு ஓய்வூதிய அலுவலகமும் ஐரோப்பிய பாராளுமன்ற உறுப்பினருக்குக் கீழே இல்லை. ஆனால் அவருடைய தலைப்புத்தாளில் ஒரு கடிதம் போனால், மேசையின் அடியில் கிடக்கும் கோப்பு மேலே வரும். அடுத்து, அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்கலாம். மூன்று மாதத்துக்கு 20 கேள்விகள் என்பது ஒருவருக்கான வரம்பு. சாதாரணக் கேள்விக்கு ஆறு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். கேள்வியும் பதிலும் எல்லோரும் பார்க்க வெளியிடப்படும். அதில் உங்கள் பெயரை வைத்துக் கேட்க மாட்டார்கள். "ஒரு நாட்டின் அலுவலகம் மாதக்கணக்கில் விபரம் அனுப்பாவிட்டால் ஆணைக்குழு என்ன செய்கிறது" என்று பொதுவாகத்தான் கேட்பார்கள். உங்களைப் போலப் பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் அந்தக் கேள்விக்குக் கனம் கூடும். பலெர்மோவிலிருந்து ஜேர்மனிக்கு வந்த நம் சனம் கொஞ்சமா? தெரிந்தவர்களிடம் கதைத்துப் பாருங்கள்.

உரிமை என்ன என்று தெரியாமல் எழுதினால் கடிதம் கெஞ்சலாகப் போய்விடும், அதனால் இதையும் சொல்கிறேன். இத்தாலியில் கட்டிய பணம் ஜேர்மன் கணக்குக்கு மாறி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. 883/2004 என்ற இலக்கமுள்ள ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, தகுதி பார்க்கும்போது இரண்டு நாட்டு வருடங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். பணத்தை ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குத் தனித்தனியே தரும். இத்தாலியில் வழமையான முதியோர் ஓய்வூதியத்துக்கு 67 வயதும் 20 வருடக் கட்டணமும் வேண்டும். உங்களிடம் அங்கே 13 வருடம்தான். தனியாகப் பார்த்தால் போதாது. ஆனால் இங்கேயுள்ள 12 வருடத்தைக் கூட்டினால் 25. ஆகவே அந்த 13 வருடம் வீணாகாது, அதற்கான பங்கு உங்களுக்கு வர வேண்டிய காசு. விண்ணப்பத்தை நீங்கள் வசிக்கும் நாட்டில் கொடுத்தால் போதும், அவர்களே மற்ற நாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

உறுப்பினருக்கு எழுதுவதோடு நிற்காமல் சொல்விட் (SOLVIT) என்ற சேவையிலும் பதியுங்கள். இலவசம். ஒரு நாட்டின் அரச அலுவலகம் ஐரோப்பிய சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தாதபோது உதவுவதற்கென்றே உள்ள வலையமைப்பு இது. ஜேர்மனியில் உள்ள நிலையம் உங்கள் முறைப்பாட்டை எடுத்து இத்தாலியில் உள்ள நிலையத்துக்குக் கொடுக்கும். பத்து வாரத்துக்குள் முடிவு காண்பது அவர்கள் வைத்திருக்கும் கெடு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் எடுக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் உங்கள் மாதிரியான விஷயத்துக்கு இதுதான் குறுக்குவழி. உறுப்பினரின் கடிதம் இதற்குத் துணை.

இன்னொன்று, இதைத் தவறவிட்டுப் பலர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். இதற்கிடையில் ஜேர்மன் அலுவலகத்தின் முடிவுக் கடிதம், அந்த "பெஷைட்", வந்து, இத்தாலி வருடங்கள் அதில் இல்லையென்றால், ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபணை போட்டுவிடுங்கள். "உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்" என்பதால் அந்த ஒரு மாதம் நீளாது.

தங்கச்சியின் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் ஐரோப்பிய பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கும் உரிமை பிரஜைகளுக்கு மட்டுமானது அல்ல. ஒன்றியத்தின் ஏதாவது ஒரு நாட்டில் வசிக்கும் எவரும், எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், கொடுக்கலாம். விஷயம் ஒன்றியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகவும் அவரை நேரடியாகப் பாதிப்பதாகவும் இருக்க வேண்டும். 24 உத்தியோகபூர்வ மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும், தமிழில் முடியாது. மனுக் கொடுத்தவரின் பெயர் வெளியிடப்படலாம் என்பதால், வேண்டாமென்றால் தொடக்கத்திலேயே அதற்கான கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மனு மெதுவாகத்தான் நகரும். ஒரு தனிக் கோப்பை அவசரமாக அசைக்க இது உதவாது, பலரைப் பாதிக்கும் விஷயத்துக்கு நல்லது.

ஊர் நிலவரம் பற்றி எழுதலாமா என்றும் பலர் என்னிடம் கேட்பதுண்டு. எழுதலாம். தெற்காசிய நாடுகளுக்கான தூதுக்குழு, மனித உரிமைகள் உபகுழு, வர்த்தகக் குழு, இந்த மூன்றில் இருப்பவர்களுக்கு எழுதுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைப் பொருட்களுக்குத் தரும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் திரும்பக் கிடைத்தது. 2021 ஜூன் 10ஆம் திகதி பயங்கரவாதத் தடைச்சட்டக் கைதுகளைச் சுட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பரிசீலிக்கும்படி இந்தப் பாராளுமன்றம் ஆணைக்குழுவைக் கேட்டுத் தீர்மானம் எடுத்தது. தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கொழும்பில் அதை வாசித்தார்கள். இந்தப் பாராளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்க்கில்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இருக்கிறது, ஆனால் அது ஐரோப்பிய சபை என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்தது, இந்தப் பாராளுமன்றத்தோடு சேர்ந்தது அல்ல. இரண்டையும் குழப்பிக் கடிதத்தை மாறிப் போடாதீர்கள்.

இனி உங்கள் கடிதம். தலைப்பில் எல்லாம் வந்துவிட வேண்டும்: "இத்தாலியில் 13 வருடக் காப்புறுதி விபரம் 16 மாதமாக வரவில்லை, 44... டோர்ட்முண்ட்." அந்தத் தபால் குறியீடு முக்கியம். உதவியாளர் முதலில் பார்ப்பது நீங்கள் எந்தப் பகுதி என்பதைத்தான். முதல் பந்தியில் நீங்கள் யார், எங்கே எத்தனை வருடம் வேலை செய்தீர்கள். இரண்டாவதில் திகதிகள் மட்டும்: எப்போது விண்ணப்பம், எப்போது இத்தாலிக்கு எழுதினார்கள், நீங்கள் எப்போது நினைவூட்டினீர்கள். மூன்றாவதில் ஒரேயொரு வேண்டுகோள்: "இத்தாலியப் பொறுப்பு அலுவலகம் என் காப்புறுதி விபரத்தை எப்போது அனுப்பும் என்று கேட்டுச் சொல்லுங்கள்." இரண்டு வேண்டுகோள் வைத்தால் இலகுவானதற்கு மட்டும் பதில் வரும். இங்கே ஜேர்மன் மொழியில், தீவுகள் தொகுதிக்கு இத்தாலிய மொழியில். பலெர்மோவில் பேசிய இத்தாலியன் போதும், இலக்கணப் பிழைக்குப் பயப்படாதீர்கள். மூலப் பத்திரங்களை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். வங்கி இலக்கத்தைக் கறுப்பால் மறைத்துவிடுங்கள். உங்கள் சார்பில் ஓர் அலுவலகத்தோடு பேச வேண்டுமானால் உங்கள் எழுத்துச் சம்மதம் தேவை. அதற்கு ஒரு படிவம் அனுப்புவார்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

நான்கு வாரத்தில் ஒன்றும் வராவிட்டால் பிரசல்ஸுக்கு எடுக்காமல் உங்கள் மாநிலத்தில் உள்ள அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். பாராளுமன்ற நாட்காட்டியில் நீலப்பச்சை நிறம் போட்ட வாரங்களில் அமர்வோ குழுக்கூட்டமோ இருக்காது, அப்போது பெரும்பாலும் உறுப்பினர்கள் தங்கள் பகுதியில் இருப்பார்கள். அந்த வாரத்தில் பொதுமக்கள் சந்திப்பு நேரம் இருக்கிறதா என்று கேட்டு, பத்து நிமிடம் வாங்குங்கள். போகும்போது அந்த ஒரு பக்கக் கடிதமும் ஜேர்மன் அலுவலகத்தின் கோப்பு இலக்கமும் கையில் இருந்தால் போதும். ஓட்னரைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.