சக் அப்பாவுடையது, ஈஸ்ட் மகளுடையது: ஒரே பேட்டன்ட் போதுமா?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறேன். சுவர் மெலிந்த புஷ்களை (உலோக உருளை வளையங்களை) இயந்திரத்தில் கோணாமல் பிடிக்க நானே ஒரு சக், அதாவது பிடிப்பான், செய்திருக்கிறேன். கிரீஸ் நிரப்பிய ஒரு வளையம், அதன் மேல் 12 பட்டைகள், சுற்றும் வேகம் கூடினாலும் பிடி தளராமல் இருக்க உள்ளே சிறு எடைகள். ஆறு மாதமாக இதில்தான் ஆர்டர் ஓடுகிறது. என் மகள் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ ஆலையின் கழிவுக் குழியிலிருந்து ஒரு பூஞ்சையையும் ஒரு ஈஸ்ட்டையும் பிரித்தெடுத்து, இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு, மரவள்ளித் திப்பியிலிருந்து (மாவு எடுத்தபின் மிஞ்சும் கழிவு) எத்தனால் எடுக்கிறாள். அடுத்த மாதம் கல்லூரிக் கருத்தரங்கில் போஸ்டர் வைக்கப்போகிறாள். இரண்டையும் சேர்த்து ஒரே பேட்டன்ட்டாக வாங்க முடியுமா? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: ஒரே விண்ணப்பத்தில் முடியாது. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு விண்ணப்பம் என்பதுதான் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம், 1970-இன் விதி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தவை வேறு இரண்டு விஷயங்கள்: "ஆறு மாதமாக ஆர்டர் ஓடுகிறது", "அடுத்த மாதம் போஸ்டர்". சட்டம் பார்ப்பது விண்ணப்பம் போட்ட தேதியை. அதற்கு முன்னால் விஷயம் வெளியே போயிருந்தால், பிறகு என்ன விளக்கினாலும் கஷ்டம்தான்.

சக்கை முதலில் பார்ப்போம்.

பட்டறைக்குள் யாருக்கும் காட்டாமல்தானே ஓட்டுகிறோம் என்று நினைப்பீர்கள். சட்டத்தின் 64-ஆம் பிரிவில் இதற்கும் ஒரு கண்ணி உண்டு. விண்ணப்ப தேதிக்கு முன்பே இந்தியாவில் ரகசியமாகப் பயன்படுத்தப்பட்ட கண்டுபிடிப்பு என்றால், அந்தக் காரணத்தை வைத்தே கிடைத்த காப்புரிமையை ரத்து செய்யக் கேட்கலாம். நியாயமான சோதனை ஓட்டம் இதில் சேராது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்து கொடுத்ததைச் சோதனை ஓட்டம் என்று சொல்லி நிலைநிறுத்துவது எளிதல்ல. அதனால் வக்கீலிடமோ பேட்டன்ட் ஏஜென்ட்டிடமோ போனதும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் மாதங்களில் எது சோதனை, எப்போதிலிருந்து முறையான உற்பத்தி என்பதைப் பில், ஜாப் கார்டு, ரிஜெக்ஷன் கணக்கு இவற்றைக் கொண்டு பிரித்துக் காட்ட முடிகிறதா என்று அவர் பார்ப்பார். வாடிக்கையாளர் யாராவது வந்து சக்கைத் திறந்து பார்த்திருந்தாலோ, வாட்ஸ்அப்பில் வீடியோ போயிருந்தாலோ அதையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, இது புதிதா என்ற கேள்வி. எண்ணெய் அழுத்தத்தால் சமமாக விரிந்து பிடிக்கும் சக்குகளும், துளைக்குள் நுழைந்து உள்ளிருந்து பிடிக்கும் மான்ட்ரல்களும் பல பத்தாண்டுகளாகச் சந்தையில் இருக்கின்றன. வேகம் கூடும்போது பொருளைக் கவ்வும் தாடைகள் வெளிநோக்கி இழுபட்டுப் பிடி குறைவதை எதிர் எடை வைத்துச் சரிக்கட்டும் சக்குகளும் பழையவை. இந்த இரண்டையும் ஒரே உடலில் பொருத்தினால் மட்டும் போதாது. தெரிந்த சாதனங்களை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அது கண்டுபிடிப்பே அல்ல என்கிறது 3(எஃப்) உட்பிரிவு.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஓர் இடத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். எடைகள் பட்டைகளை நேராகத் தள்ளவில்லை. அவை வெளியே விலகும்போது ஒரு சின்ன பிஸ்டனைக் கிரீஸ் வளையத்துக்குள் அழுத்துகின்றன. அதனால் 12 பட்டைகளிலும் அழுத்தம் ஒரே அளவில் ஏறுகிறது. உங்கள் கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது. எடை, கிரீஸ், பட்டை என்ற அந்தத் தொடர்பைத்தான் உரிமைக்கோரிக்கையின் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் பகுதி) முதல் வரியில் கேட்க வேண்டும். "மெல்லிய புஷ் பிடிக்கும் சக்" என்று அகலமாகக் கேட்டால் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் முதல் சுற்றிலேயே பழைய ஹைட்ராலிக் சக்குகளை எடுத்து மேசையில் போட்டுவிடுவார்.

ஆதாரமும் சரியாக இருக்க வேண்டும். மூன்று தாடை சக்கில் மெல்லிய வளையத்தைப் பிடித்தால், தாடை படும் மூன்று இடங்களில் உள்ளே அமுங்கும். அந்த நிலையில் உள்துளையைக் குடைந்தால் அழகாக வட்டமாக வரும். சக்கைத் தளர்த்தியதும் வளையம் நிமிரும், துளை மூன்று மேடு உள்ளதாக மாறிவிடும். இதைத் துளை அளக்கும் கேஜால் குறுக்கே அளந்தால் எந்தப் பக்கம் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும். ஒற்றைப்படை மேடுகளின் குணம் அப்படி: ஒரு பக்கம் மேடு இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்கும். ஆகவே இரண்டு புள்ளி அளவீட்டு ரிப்போர்ட்டை விண்ணப்பத்தோடு வைக்காதீர்கள். வட்டத்தன்மை அளக்கும் கருவி உள்ள ஒரு ஆய்வகத்தில், பழைய சக்கில் செய்த புஷ்ஷையும் உங்கள் சக்கில் செய்த புஷ்ஷையும், குறைந்த வேகத்திலும் அதிக வேகத்திலுமாக நான்கு வகையில் அளந்து வரைபடமாக வாங்குங்கள். அதிக வேகத்தில் உங்கள் சக் மட்டும் தாக்குப்பிடிப்பது அதில் தெரிந்தால், 3(எஃப்) ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது சுலபமாகும்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்று. இந்த சக்கை விற்கப்போகிறீர்களா, இல்லை உங்கள் பட்டறையில் மட்டும் வைத்துக்கொள்ளப்போகிறீர்களா? விற்பதாக இருந்தால் காப்புரிமை அவசியம், வாங்கியவன் கழற்றிப் பார்த்துவிடுவான். உள்ளேயே வைத்துக்கொள்வதாக இருந்தால் எனக்குத் தயக்கம் உண்டு. விண்ணப்பம் போட்ட 18 மாதத்தில் உங்கள் படம், கிரீஸ் வகை, எடையின் அளவு எல்லாம் இணையத்தில் வெளியாகும். சிறந்த முறையை மறைத்து எழுதவும் முடியாது, அதுவே ரத்துக்குக் காரணமாகும். ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ ஒருவர் ஷட்டருக்குப் பின்னால் இதே சக்கை ஓட்டினால் நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? புஷ்ஷைப் பார்த்து அது எந்த சக்கில் பிடிக்கப்பட்டது என்று சொல்ல முடியாதே. அப்படியானால் ஆபரேட்டர்களிடம் ரகசிய ஒப்பந்தம் எழுதி வாங்கி, அசெம்பிளியை நீங்களே செய்வது மலிவு. வடிவமைப்புப் பதிவு செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். அது தோற்றத்துக்கு மட்டும்தான், வேலை செய்யும் முறைக்கு இல்லை.

மகளின் விஷயம் இதைவிடச் சுவாரசியமானது, சிக்கலும் அதிகம்.

குழியிலிருந்து எடுத்த ஈஸ்ட்டுக்கே காப்புரிமை கேட்க முடியாது. இயற்கையில் உள்ள உயிரைக் கண்டறிவது 3(சி) உட்பிரிவில் விலக்கப்பட்டிருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு 3(ஜே)-யில் விதிவிலக்கு உண்டுதான், ஆனால் அது மனிதக் கையால் மாற்றப்பட்டவற்றுக்குத்தான் கைகொடுக்கும். அமெரிக்காவில் 1980-இல் ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் காப்புரிமைக்கு வழிவிட்டதும், அவர் அதற்குள் புதிய பிளாஸ்மிட்களை (சிறு டி.என்.ஏ. வளையங்களை) சேர்த்து மாற்றியிருந்ததால்தான்.

ஆனால் செய்முறைக்குக் கேட்கலாம். வேதியியலாளர் சைம் வைஸ்மன் 1915-இல் செய்தது இதுதான். மாவுச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் பாக்டீரியா இயற்கையில் இருந்தது. அதை வைத்து நொதிக்கவைக்கும் முறைக்குத்தான் அவர் காப்புரிமை எடுத்தார். முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவைப்பட்டதால் அந்த முறை பெரும் தொழிலானது. அதே பியூட்டனாலை இன்று வண்டி எரிபொருளாக ஆராய்கிறார்கள்.

மகளின் செய்முறையில் இரண்டு உயிர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பூஞ்சை மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கிறது, ஈஸ்ட் அதை எத்தனாலாக்குகிறது. மரவள்ளி மாவிலிருந்து எத்தனால் எடுப்பது புதிதல்ல, திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் உட்படப் பலர் செய்தது. ஆகவே பரிசோதகர் 3(ஈ), 3(டி) இரண்டையும் எடுப்பார்: இரண்டு குணங்களைக் கூட்டி வைத்த வெறும் கலவை, தெரிந்த செய்முறை என்று.

இதற்குப் பதில் சோதனைத் திட்டத்தில் இருக்கிறது. பூஞ்சை மட்டும், ஈஸ்ட் மட்டும், முதலில் பூஞ்சை அப்புறம் ஈஸ்ட், இரண்டும் ஒன்றாக. இவற்றோடு கடையில் வாங்கிய நொதியும் பேக்கரி ஈஸ்ட்டும் சேர்ந்த ஒரு தொட்டி. எல்லாவற்றிலும் ஒரே திப்பி, ஒரே வெப்பநிலை, ஒவ்வொன்றும் மூன்று முறையாவது. ஒன்றாக விட்ட தொட்டியில் கிடைப்பது, தனித்தனிப் படிகளில் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிக் கூடினால் ஏன் என்பதையும் அவள் அளந்து காட்ட முடியும். குளுக்கோஸ் தேங்கத் தேங்கப் பூஞ்சையின் நொதி மந்தமாகும். ஈஸ்ட் உடனுக்குடன் அதைக் குடித்துவிட்டால் அந்தத் தடை விலகும். மணிக்கு மணி குளுக்கோஸ் அளவைக் குறித்தால் இது தெரியும்.

விளைச்சலை எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். "30 சதவீதம் அதிக எத்தனால்" என்பதற்கு அர்த்தமில்லை, எதைவிட அதிகம்? 100 கிராம் மாவுச்சத்து முழுக்க உடைந்து நொதித்தால் கோட்பாட்டின்படி சுமார் 57 கிராம் எத்தனால்தான் கிடைக்கும். அந்த அளவில் எத்தனை சதவீதம் எட்டினோம், எத்தனை மணி நேரத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். திப்பியில் மாவுச்சத்து ஆலைக்கு ஆலை, லோடுக்கு லோடு மாறும். அதனால் தொடங்கும்போது இருந்த மாவுச்சத்தை ஒவ்வொரு முறையும் அளந்திருக்க வேண்டும்.

இனி நடைமுறை. அந்த ஈஸ்ட்டும் பூஞ்சையும் வேறு யாரிடமும் இல்லை, எழுத்தில் மட்டும் விவரித்தால் இன்னொருவர் அதைச் செய்து பார்க்க முடியாது. ஆகவே இரண்டையும், காப்புரிமைக்காக நுண்ணுயிர்களை ஒப்படைப்பது பற்றிய சர்வதேச புடாபெஸ்ட் ஒப்பந்தத்தின்படி அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். சண்டிகரில் எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகம், புனேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம் இருக்கின்றன. இந்திய விண்ணப்பம் போடும் தேதிக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். சாதாரண டெபாசிட் வேறு, காப்புரிமை டெபாசிட் வேறு. மாணவர்கள் அடிக்கடி முதலாவதைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். படிவத்தைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

எங்கிருந்து எடுத்தது என்பதை விண்ணப்பத்தில் ஊர் சொல்லி எழுத வேண்டும். எழுதாவிட்டால் எதிர்ப்புக்கும் ரத்துக்கும் அதுவே காரணமாகும். உயிரிப் பல்வகைமைச் சட்டத்தின் கீழ் சென்னையில் உள்ள தேசிய உயிரிப் பல்வகைமை ஆணையத்தில், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் பதிவு செய்துகொள்ள வேண்டும். முன்பு இதற்கே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023 திருத்தத்துக்குப் பின் இந்தியர்களுக்குப் பதிவு போதும், வணிகத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் அனுமதி.

காப்புரிமை யார் பேரில் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். கல்லூரி ஆய்வகம், வழிகாட்டிப் பேராசிரியரின் யோசனை என்றால் கல்லூரிக்கும் பேராசிரியருக்கும் இதில் இடம் உண்டு. மகள் பெயரில் தனியாகப் போட்டுவிட்டுப் பின்னால் சண்டை பிடிப்பது யாருக்கும் நல்லதல்ல.

போஸ்டர்? கற்றோர் சங்கத்தில் (அறிஞர்கள் கூடும் அமைப்பில்) வாசித்த கட்டுரை விஷயத்தை வெளியிட்டதாகக் கொள்ளப்படாமல் இருக்க 31-ஆம் பிரிவில் 12 மாத விலக்கு உண்டு. கல்லூரிக் கருத்தரங்கு அதில் வருமா என்பதே வாதத்துக்குரியது. ஐரோப்பாவில் அந்த விலக்கும் கிடையாது. இந்த வாரமே கல்சர்களை (வளர்த்த ஈஸ்ட்டையும் பூஞ்சையையும்) சேமிப்பகத்துக்கு அனுப்பி, சேமிப்பக எண் வந்ததும் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணம்) விண்ணப்பம் போடுங்கள். முழு விவரக்குறிப்புக்கு அதன் பிறகு 12 மாதம் இருக்கிறது, விடுபட்ட சோதனைகளை அதற்குள் முடிக்கலாம். போஸ்டர் தேதிக்குள் எண் வராவிட்டால், இன வகை, வெப்பநிலை, பி.எச்., கலவை விகிதம் எதையும் போஸ்டரில் போடக்கூடாது. திப்பியின் பிரச்சினையையும் கிடைத்த விளைச்சலையும் மட்டும் காட்டலாம். ஆய்வேடு நூலகத்துக்குப் போகும் தேதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செலவு: தனிநபர், சிறு தொழில், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ரூ.1,600. பரிசோதனைக்குக் கேட்க ரூ.4,000; அதை 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் தனிநபர்களாக இருந்து, அவர்களில் ஒரு பெண் இருந்தாலே விரைவுப் பரிசோதனை கேட்கலாம், அதற்கு ரூ.8,000. மகளுக்கு இது உதவும். மூன்றாம் ஆண்டுக்கு ரூ.800-இல் தொடங்கும் புதுப்பிப்புக் கட்டணம் கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு ரூ.8,000 வரை ஏறும். ஏஜென்ட் கூலிதான் பெரிய தொகை, இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். பட்டறையின் பேரில் போட்டால் உத்யம் (சிறு தொழில் பதிவு) சான்றிதழையும் படிவம் 28-ஐயும் இணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் விண்ணப்பக் கட்டணமே ரூ.8,000 ஆகிவிடும். உங்கள் சொந்தப் பேரில் போட்டால் அது தேவையில்லை.