கோல் அடித்தவரே கோப்பைகளையும் வென்று தந்தார்: யூப் ஹைன்கெஸ்

"கால்பந்தில் ஸ்டிரைக்கராகவும் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) பயிற்சியாளராகவும் சாதித்த ஜெர்மானியர் யார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் யூப் ஹைன்கெஸ்.

1945இல் மொன்சென்கிளாட்பாக்கில் பிறந்தவர். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவில் 220 கோல்கள். 1974 உலகக்கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் எனக்கு மறக்கவே முடியாதது 1978 ஏப்ரல் 29தான். அவருடைய கடைசி லீக் ஆட்டம். டார்ட்மண்ட் அணியை இவருடைய கிளாட்பாக் அணி 12-0 என்று நொறுக்கியது. அதில் 5 கோல் இவருடையது. அப்படியும், புள்ளிகள் சமமாக இருந்ததால், கோல் வித்தியாசத்தில் லீக் பட்டம் கொலோன் அணிக்குப் போய்விட்டது. இன்று நினைத்தாலும் மனசு ஆறாது.

அப்புறம் பயிற்சியாளர் வாழ்க்கை. பயர்ன் மியூனிக் அணிக்கு 1989, 1990 என இரண்டு லீக் பட்டங்கள் வாங்கித் தந்தார்; 1991இல் நீக்கப்பட்டார். 1998இல் ரியல் மாட்ரிட்டுக்கு 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்று கொடுத்தார். உடனே அங்கேயும் வேலை போனது. இது பெரிய அநியாயம் என்றே சொல்வேன்.

பிறகு மீண்டும் பயர்ன் பயிற்சியாளர். 2013இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், எதிரே அதே டார்ட்மண்ட். 89ஆவது நிமிடத்தில் பயர்ன் வீரர் ராபன் பந்தை மெதுவாக உருட்டி உள்ளே விட்டார்: 2-1. லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும் ஒரே பருவத்தில் கிடைத்தன. அப்போது ஹைன்கெஸுக்கு வயது 68.