நாவல் பாதியில் நிற்கும்போது: எழுதுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்திருந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எனக்கு எழுத வருமா?" என்றுதான் முடிந்தன. அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அதைவிடச் சின்னதாக, பதில் உள்ள கேள்வி ஒன்று இருந்தது: கதை ஏன் நகரவில்லை, பதிப்பாளர் ஏன் மௌனமாக இருக்கிறார், கூட்டத்தில் கேட்ட சொல்லை என்ன செய்வது. அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

சுமார் 30,000 சொற்கள் எழுதிவிட்டேன். முதல் நூறு பக்கம் தானாக ஓடியது. இப்போது கோப்பைத் திறந்தாலே வெறுப்பாக இருக்கிறது. வேறொரு நாவலுக்கான யோசனை வேறு வந்து இழுக்கிறது. இதை விட்டுவிடலாமா? (ஓசூர், தொழிற்சாலைப் பணி)

இப்போதைக்கு விடாதீர்கள். கைவிடப்படும் நாவல்களில் பெரும்பாலானவை நீங்கள் நிற்கும் இடத்தில்தான் நிற்கின்றன. தொடக்கத்தில் ஆட்களை அறிமுகம் செய்தாலே போதும், பக்கம் நகரும். நடுப்பகுதியில் அப்படி முடியாது. அங்கே ஒரு முடிவு எடுத்தால் மற்ற பத்து வழிகள் அடைபடும், அதனால்தான் கை தயங்குகிறது. புது யோசனை அழகாகத் தெரிவதற்குக் காரணம், அதில் இன்னும் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை என்பதுதான். அதை ஒரே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உள்ளே வையுங்கள்.

பிறகு கைப்பிரதியை அச்செடுத்து, பேனா இல்லாமல் இரண்டே நாளில் படித்துவிடுங்கள். திருத்தக் கூடாது. படித்து முடித்ததும் ஒரு நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: யார், எங்கே, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. உங்கள் அளவுக்கு இருபதிலிருந்து முப்பது வரிகள் வரும். எதுவும் மாறாத காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். மூன்று கோடுகள் தொடர்ந்து வரும் இடத்தில்தான் உங்கள் கதை நின்றது. நீங்கள் நின்றுபோன பக்கத்தையே முறைத்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. பழுது பெரும்பாலும் அதற்கு இரண்டு, மூன்று காட்சிகள் முன்னால் இருக்கும்.

தமிழ்க் கைப்பிரதிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் பழுதுகள் சில உண்டு. மையப் பாத்திரம் வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பது முதலாவது. அவனுக்கு எல்லாம் நேர்கிறது, அவனாக ஒன்றும் செய்வதில்லை. அடுத்த காட்சியில் அவன் ஒரு தவறான காரியத்தையாவது செய்யட்டும். இன்னொன்று, திரட்டிய தகவல் முழுவதையும் இறக்கிவைப்பது: ஊர் பிறந்த கதை, குலதெய்வத்தின் கதை, தாத்தா நிலம் வாங்கிய கதை எனக் கொட்டி, நிகழ்காலத்தை நாற்பது பக்கம் காக்கவைப்பது. பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று ஒரே வேலையைச் செய்யும் மூன்று பேர் இருந்தால் இருவரை ஒருவராக்கலாம். "நான்" என்று சொல்லத் தொடங்கிய கதைக்கு, அந்த "நான்" இருக்க முடியாத அறையில் நடப்பது தேவைப்படுகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பழுது இருந்தால் எவ்வளவு உழைத்தாலும் கதை நகராது.

பழுது தெரிந்தவுடன் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள். அந்த இடத்தில் "மாமா சாகவில்லை, ஓடிப்போய்விட்டார்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, அது ஏற்கெனவே மாறிவிட்டதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுங்கள். முதல் ஐம்பது பக்கத்தைத் திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டிருப்பவர்களின் நாவல்தான் முடியாமலே கிடக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, வேலைக்குப் போகிறவர் நாளுக்கு 300 சொற்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 75,000 சொற்கள். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்கு 220 சொற்கள் என்று கணக்கிட்டால் சுமார் 340 பக்கம், அதாவது முழு நாவல். ஆயிரம் சொற்கள் என்று இலக்கு வைத்தால் நான்காம் நாள் தவறும், ஐந்தாம் நாள் குற்ற உணர்வு வரும், பிறகு கோப்பைத் திறக்கவே மனம் வராது. அன்றைய வேலையைக் காட்சியின் நடுவில் நிறுத்தி, அடுத்து வரவேண்டிய இரண்டு வரிகளைக் குறிப்பாக எழுதிவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெறும் திரையின் முன் உட்கார வேண்டியிருக்காது.

இவ்வளவும் செய்த பிறகு ஆறு வாரம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள். அப்போதும் அந்த ஆட்களில் ஒருவருக்காவது என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உங்களுக்கு வரவில்லையென்றால், தயங்காமல் விட்டுவிடலாம்.

மூன்று பதிப்பகங்களுக்கு அக்டோபரில் கைப்பிரதி அனுப்பினேன். ஏப்ரல் வந்துவிட்டது, ஒரு பதிலும் இல்லை. மோசம் என்று சொல்லத் தயங்குகிறார்களா? (தென்காசி, ஆசிரியை)

பெரும்பாலும் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடக்கிறது. அதற்கு முந்தைய மூன்று, நான்கு மாதங்கள் பதிப்பகங்கள் பக்க வடிவமைப்பு, மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்), அட்டை, அச்சகம் என்று ஓடிக்கொண்டிருக்கும். காட்சி முடிந்ததும் கணக்கு, மிச்சப் பிரதிகள், மாவட்டப் புத்தகக் காட்சிகள். பல பதிப்பகங்களில் இத்தனையையும் பார்ப்பது இரண்டு, மூன்று பேர்தான். அழைக்காமல் வரும் கைப்பிரதியை அனுப்ப பிப்ரவரி பாதி முதல் ஜூலை வரையான காலம்தான் ஏற்றது.

என்ன அனுப்பினீர்கள் என்பதையும் சரிபாருங்கள். ஒரு பக்கக் கடிதம் வேண்டும்: நாவலின் பெயர், மொத்தச் சொற்கள், கதை நடக்கும் இடமும் காலமும், உங்களைப் பற்றி இரண்டு வரி, இதுவரை வெளியானவை. அடுத்து ஒரு பக்கக் கதைச்சுருக்கம், முடிவையும் சேர்த்து. "முடிவைப் புத்தகத்தில் காண்க" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பதிப்பாளருக்கு அந்த முடிவுதான் தெரிய வேண்டும். பிறகு முதல் மூன்று அத்தியாயங்கள். யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து மாற்றியிருந்தால், கொம்பு வரும் எழுத்துகளும் க்ஷ, ஸ்ரீ போன்றவையும் உடைந்திருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல், அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். பிறகு அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்பலாம். ஒருவர் ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் கைப்பிரதியைத் திறந்து திருத்துங்கள்.

காத்திருந்து சலித்த நேரத்தில்தான் "நீங்கள் நூறு பிரதி வாங்கிக்கொண்டால் போட்டுவிடலாம்" என்ற குரல் வரும். அது அச்சுச் சேவை. தெரிந்தே அதைத் தேர்ந்தெடுப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் நாவல் தேர்வாகிவிட்டது என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பிரதி, மிச்சம் யாரிடம் இருக்கும், உரிமை எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியா என்றும் கொள்ளப்படும். "என்றென்றைக்கும், எல்லா வடிவங்களிலும்" என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்த வரியை அடித்துவிட்டுப் பேசுங்கள்.

ஆங்கில வழியில் படித்தவன். ஒற்றுப்பிழை வருகிறது, சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் எங்கே போடுவது என்று தெரியவில்லை. இலக்கணம் தெரியாதவன் நாவல் எழுதலாமா? (கோவை, மென்பொருள் பணி)

எழுதலாம். முதல் வரைவில் ஒற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெய்ப்பு பார்க்கும் நாளில் சில இடங்களைத் தேடினாலே பெரும்பாலான பிழைகள் போய்விடும். "ஐ" உருபுக்குப் பின் வல்லினம் மிகும்: கதையைப் படித்தான். "கு" உருபுக்குப் பின் மிகும்: வீட்டுக்குப் போனான். அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன். "வரச் சொன்னான்", "ஓடிப் போனான்" போன்ற இடங்களிலும் மிகும். ஆனால் "வந்த பையன்", "அவனோடு போனான்" என்பவற்றில் மிகாது. உங்கள் நாவலில் எந்த ர/ற, ல/ள/ழ, ன/ண சொற்கள் அடிக்கடி தவறுகின்றன என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். அதற்குமேல் ஒரு நல்ல மெய்ப்பாளர் பார்த்துக்கொள்வார். இது வாக்கியத்தின் மேல்தோல்தான், உங்கள் தகுதிக்கான தேர்வு அல்ல.

பெரிய நாவல்களைப் படித்தால் அன்றோடு என் எழுத்து நின்றுவிடுகிறது. (மதுரை)

நீங்கள் உங்கள் முதல் வரைவை இன்னொருவரின் அச்சான நூலோடு ஒப்பிடுகிறீர்கள். அவருடைய முதல் வரைவு உங்கள் கையில் இல்லை. எழுதும் மாதங்களில் வரலாறு, பயணம், கடிதங்கள், வேறு துறை நூல்கள் என்று படியுங்கள். பிரமித்த நாவலைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். அதில் ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து எத்தனை காட்சி, எத்தனை பக்கம் உரையாடல், எந்த வரியில் தகவல் தரப்படுகிறது என்று குறித்துப் பாருங்கள். எண்ணத் தொடங்கினால் பிரமிப்பு பாடமாகிவிடும்.

விமர்சனக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "இது நாவலே இல்லை" என்றார். இரண்டு வாரமாக ஒரு வரி எழுத முடியவில்லை. (திருச்சி, வங்கிப் பணி)

அவர் சொன்னதை, சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் நினைவு அதை நாளுக்கு நாள் பெரிதாக்கும். எழுதியதில் ஒரு பக்கத்தையோ, ஒரு பாத்திரத்தையோ, ஒரு காட்சியையோ சுட்டும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். "இது நாவலே இல்லை" என்பது எந்தப் பக்கத்தையும் சுட்டவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது. முடிந்தால் அவரிடமே பணிவாகக் கேளுங்கள்: "எந்த இடத்தில் உங்களுக்குச் சலித்தது?" அவர் ஓர் இடத்தைச் சொன்னால் அது உங்களுக்குக் கிடைத்த உதவி. சொல்ல முடியவில்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். முகநூலில் பதில் எழுத வேண்டாம். தகவல் பிழையாகச் சொல்லியிருந்தால் ஒரே ஒரு முறை, ஒரே வரியில் திருத்துங்கள்.

உடனே காது கொடுக்க வேண்டிய விமர்சனம் ஒன்று உண்டு: "எங்கள் ஊரில் இப்படிப் பேச மாட்டார்கள்." ஒரே ஊரில்கூடச் சாதிக்கும் வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்பப் பேச்சு மாறும். உங்கள் பாத்திரம் யாரோ, அவரைப் போன்ற இரண்டு பேரிடம் உரையாடலை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அந்தத் திருத்தங்கள் விலைமதிப்பற்றவை.

அடுத்த நாவலுக்கு அச்சுக்கு முன்பே மூன்று வாசகர்களைத் தேடிக்கொள்ளுங்கள். நிறைய நாவல் படித்தவர் ஒருவர், நாவலின் உலகத்தை நேரில் அறிந்தவர் ஒருவர், எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர் ஒருவர். வரைவு முழுதாக முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். எங்கே புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், யாரை யாரென்று குழம்பினீர்கள், எதை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள்.

300 பிரதி அச்சிட்டதில் ஒன்றரை ஆண்டில் 140 போயிருக்கிறது. மதிப்புரை ஒன்றே ஒன்று. அடுத்ததை எழுத வேண்டுமா என்றே தெரியவில்லை. (புதுச்சேரி)

தமிழில் முதல் நாவலுக்கு இது வழக்கமான எண்ணிக்கைதான். விலை 300 ரூபாய், உரிமைத்தொகை (ராயல்டி) 10 விழுக்காடு என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 140 பிரதிக்கு 4,200. மொத்தமும் விற்றாலும் 9,000. வீட்டு வாடகையை இந்தக் கணக்கின்மேல் வைத்தால் ஒவ்வொரு வாக்கியமும் பயத்தில் எழுதப்படும். வேலையை விடாதீர்கள். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பியும் திட்டமிடாதீர்கள். வந்தால் பதிப்பாளருக்கும் உங்களுக்கும் நல்லது, ஆனால் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

பதிப்பாளரிடம் ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் கேளுங்கள்: அச்சிட்டது, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, கையிருப்பு. கேட்பதில் மனத்தாங்கலுக்கு இடமே இல்லை. மிச்சப் பிரதிகளில் இருபதை உண்மையிலேயே எழுதக்கூடியவர்களுக்கு, ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்ற ஒரு வரியோடு அனுப்புங்கள். சிற்றிதழில் மதிப்புரை வர ஓர் ஆண்டுகூட ஆகலாம். கதை நடக்கும் ஊரின் கிளை நூலகம், அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறை, வாசகர் வட்டம் ஆகியவற்றுக்கு நேரில் போங்கள். இதற்கெல்லாம் மூன்று மாதம் போதும். அதற்குமேல் விற்பனை எண்ணைத் தினமும் பார்ப்பது அடுத்த நாவலின் நேரத்தைத்தான் தின்னும்.

நாவல் நிராகரிக்கப்பட்டதிலிருந்து தூக்கமில்லை. எழுத்து மட்டுமல்ல, எதிலும் விருப்பமில்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

இதற்கு எழுத்துப் பயிற்சி மருந்தாகாது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, வேலை, பேச்சு எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி-மானஸ் என்ற அரசு மனநலச் சேவையின் உதவி எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் இன்றே சொல்லுங்கள். கைப்பிரதி எங்கும் போய்விடாது. நீங்கள் நலமான பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாவல் வந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. அப்புறம் ஒன்றுமே எழுதவில்லை. இனி முடியுமா? (யாழ்ப்பாணம், அரச ஊழியர்)

சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966இல் வந்தது, இரண்டாவது 1981இல், மூன்றாவது 1998இல். இடையில் சிறுகதைகளும், பசுவய்யா என்ற பெயரில் கவிதைகளும் எழுதினார். பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த கடும் எதிர்ப்பின் நடுவே, எழுத்தை விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பிறகு அவர் எழுத்துக்குத் திரும்பியபோது, மௌனக் காலத்தில் எழுதிய கவிதைகள் நூலாயின, நாவலும் வந்தது. இருவருடைய காரணங்களும் வேறு வேறு. ஆனால் இருவரிடமும் நாவல் இல்லாத காலத்தில் சின்ன வடிவங்கள் இருந்தன.

நீங்களும் நாவலில் தொடங்காதீர்கள். முதல் மாதம் நாளுக்கு ஒரு பக்கம், கையால், கதையல்லாத எதையாவது எழுதுங்கள்: அலுவலகத்தில் கேட்ட ஓர் உரையாடல், ஒரு கடையின் உள்பக்கம், ஓர் ஆளின் நடை. இரண்டாம் மாதம் அவற்றில் ஒன்றை 1,500 சொல் சிறுகதையாக்கி, முடித்து, ஓர் இதழுக்கு அனுப்புங்கள். பதில் வருவதற்கு முன்பே அடுத்ததைத் தொடங்குங்கள். இப்படி மூன்று கதைகள் முடிந்த பிறகு, மூன்றிலும் திரும்பத் திரும்ப வந்த ஆளோ இடமோ எது என்று பாருங்கள். நாவலை அங்கிருந்து தொடங்கலாம். முதல் நாவலை மட்டும் இடையில் எடுத்துப் படிக்காதீர்கள். புதியதன் முதல் 10,000 சொற்கள் முடியும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.