பத்து நிமிடத்தில் வேலை செய்யும் ஒமெப்ரசோல் கிடையாது

கேள்வி: வயது 44, வெள்ளவத்தை. இரண்டு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். இன்னும் ஆறு கிழமையில் எனது முதல் டைம் ட்ரயல் (தனியே நேரத்தோடு ஓட்டும் போட்டி), 20 கிலோமீற்றர். கடும் பயிற்சியில் கடிகாரம் துடிப்பை 184 என்று காட்டுகிறது. 220-இல் வயதைக் கழித்தால் 176தானே? சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன, சீற்றில் படும் இடமும் விறைக்கிறது. முழங்காலின் முன்பக்கம் நோகும் என்பதால் ஓட முன் டைக்ளோஃபெனாக் என்ற நோவு மாத்திரை போடுகிறேன். துடிப்பு 165-ஐத் தாண்டும்போது நெஞ்சின் மேற்பகுதியில் இறுக்கம் வந்து தாடைவரை ஏறும். அது வாயு. வேகத்தைக் குறைத்து, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் ஒன்று போட்டால் பத்து நிமிடத்தில் போய்விடும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் வராது. அப்பாவுக்கு 51 வயதில் பைபாஸ் செய்தார்கள். 184 ஆபத்தா?

பதில்: 184 ஆபத்தில்லை. 220-இல் வயதைக் கழிப்பது பெருங்கூட்டத்துக்கான சராசரிக் கணக்கு. தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம். போதாக்குறைக்கு, மணிக்கட்டுக் கடிகாரம் தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித்தான் எண்ணுகிறது. ஹாண்டிலை இறுகப் பிடித்து மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது, பள்ளத்தில் விழுந்து குலுங்கும்போது, அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. சரியான எண் வேண்டுமென்றால் நெஞ்சில் கட்டும் பட்டி வாங்குங்கள். 184 பற்றி இணையத்தில் வாசித்ததை மறந்துவிடுங்கள்.

அப்பாவின் பைபாஸ் வயதை நான் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது. அது நியாயமான பயம்.

ஒமெப்ரசோல் பத்து நிமிடத்தில் வேலை செய்யும் மருந்தே அல்ல. அது குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தோடு சுற்றி, இரைப்பையில் அமிலம் சுரக்கும் கலங்களைப் போய்ச் சேர வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து எடுக்க வேண்டும். உங்கள் இறுக்கத்தைப் போக்கியது வேகம் குறைந்ததுதான். மாத்திரையே இல்லாமல் மரைன் டிரைவ் ஓரத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் அது போயிருக்கும்.

உழைக்கும்போது வந்து ஓயும்போது போகிற இறுக்கத்தை, அதுவும் தாடைக்கு ஏறுகிற இறுக்கத்தை, வேறு காரணம் நிரூபணமாகும்வரை இதயத்தின் நோவாகத்தான் எடுக்க வேண்டும். அஞ்சைனா என்பது இதைத்தான். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி உள்ளே சுருங்கியிருந்தாலும் சும்மா இருக்கும்போது வருகிற இரத்தம் போதும். துடிப்பு ஏறும்போது தசை கேட்கும் அளவை அந்த நாடியால் கொடுக்க முடியாது. அதனால்தான் ஏறக்குறைய அதே துடிப்பில், உங்களுக்கு 165-இல், தவறாமல் வருகிறது. வாயுவுக்கு இப்படி எண் பார்த்து வரத் தெரியாது. சோறு சாப்பிட்டுவிட்டுக் குனிந்து ஓட்டினால் நெஞ்செரிவு வருவதும் உண்டு. ஆனால் அது எரிவாக, புளித்த ஏப்பத்தோடு வரும். மெதுவாகக் குனிந்து ஓட்டினாலும் வரும். வேகத்தைக் குறைத்ததும் அடங்காது.

“பிறகு எவ்வளவு மிதித்தாலும் வராது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். முதல் தடவை இறுக்கிவிட்டு, சற்று ஓய்ந்தபின் அதே உழைப்பைத் தாங்குவது அஞ்சைனாவில் நன்கு தெரிந்த குணம். உடம்பு சூடேறியதால் சரியாகிவிட்டது என்று சைக்கிள்காரர்கள் நினைப்பார்கள். நாடி இருந்தபடியேதான் இருக்கிறது. இந்த நோயை 1772-இல் விவரித்த ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது, அதுவும் மேட்டில் ஏறும்போதோ சாப்பிட்ட கையோடு நடக்கும்போதோ வருகிறது, நின்றதும் மறைகிறது என்று எழுதினார். சாப்பிட்ட பிறகு வருவதால்தான் கொழும்பில் பாதிப்பேர் இன்றும் அதை வாயு என்று சொல்லிப் பார்மசிக்குப் போகிறார்கள்.

அப்பா, அண்ணன், தம்பி ஆகியோரில் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்பே இதய நாடி நோய் வந்திருந்தால் வைத்தியர்கள் அதைத் தனி ஆபத்தாகவே கணக்கெடுப்பார்கள். தெற்காசியர்களுக்கு வேறு நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முந்தியே முதல் மாரடைப்பு வருகிறது: மற்றவர்களுக்கு 59 வயதளவில் என்றால் நமக்கு 53. இரண்டு வருடம் ஓட்டியது வீணில்லை. ஆனால் அதற்கு முந்தைய 42 வருடத்தில் நாடிக்குள் படிந்ததை அது கழுவியிருக்காது.

இன்றிலிருந்து கடும் பயிற்சி வேண்டாம். ஞாயிறு காலையில் கூட்டமாக ஓடுவதும், ‘உண்மையிலேயே இறுக்குகிறதா’ என்று ஒருமுறை முழு வேகத்தில் மிதித்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. இறுக்கம் வராத அளவுக்கு மட்டும் நடக்கலாம். இந்தக் கிழமைக்குள் ஒரு வைத்தியரைப் பாருங்கள். அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவானாலும் தனியார் கிளினிக்கானாலும் சரிதான். ஆனால் ‘காஸ்ட்ரைட்டிஸ்’ என்று தொடங்காதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “வேகமாக மிதித்தால் நெஞ்சு இறுகித் தாடைக்கு ஏறுகிறது, மெதுவாக்கினால் பத்து நிமிடத்துக்குள் போகிறது, அப்பாவுக்கு 51-இல் பைபாஸ்” என்று இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள்.

படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி உங்களுக்கு ஒழுங்காகவே வரலாம். நோவில்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தால் அந்த நேரத்தில் இதயத்துக்கு இரத்தம் போதியதாக இருந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அடுத்தது, நகரும் பட்டியில் நடக்கவைத்து எடுக்கும் ட்ரெட்மில் ஈசிஜியாக இருக்கலாம், நேரே சி.ரி. ஸ்கானில் நாடிகளைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். அதை வைத்தியர் முடிவெடுக்கட்டும். ட்ரெட்மில் என்றால் ஒன்று கவனியுங்கள். வழமையான முறையில் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம், பத்து சதவீதச் சாய்வு என்று தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவார்கள். வயதுக்குக் கணக்கிட்ட உச்சத் துடிப்பில் 85 சதவீதம் வந்ததும், உங்களுக்கு ஏறக்குறைய 150, நிறுத்திவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் இறுக்கம் 165-இல் வருகிறது. 150-இல் நிறுத்திய பரிசோதனை உங்கள் கேள்வியைத் தொடவே இல்லை. அந்த எண்ணை முன்கூட்டியே சொல்லுங்கள், அறிகுறி வரும்வரை கொண்டுபோவார்கள். பக்கத்தில் வைத்தியரும் கருவியும் இருப்பதால் இறுக்கம் வருவதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. மட்டமான ரோட்டில் பெடல் மிதித்துப் பழகிய கால், சாய்வில் நடக்கும்போது கெண்டைக்காலில் முதலில் களைக்கும். அதைச் சொல்லி இடையில் இறங்கிவிடாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொலஸ்ட்ரோல், ஹீமோகுளோபின் நான்கையும் அந்தக் கிழமையே பார்த்துவிடலாம்.

இதற்கிடையில் இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்தால், முன்னையதைவிடக் குறைந்த உழைப்பில் வந்தால், பதினைந்து நிமிடம் கடந்தும் போகாவிட்டால், கூடவே வியர்த்துக் கொட்டினால் அல்லது தலை சுற்றினால் 1990-க்கு அழையுங்கள். அந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் போகலாம், நானே கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். அஸ்பிரின் ஒவ்வாமையோ இரைப்பையில் இரத்தக் கசிவோ இல்லையென்றால், 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கிவிட்டு வண்டிக்குக் காத்திருங்கள்.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். வியர்த்து நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அங்குள்ள நாடியை ஓரளவு திறந்து வைத்திருக்கும் பொருளைத்தான் இந்த மாத்திரை அடைக்கிறது. அதோடு இது மாரடைப்பின் ஆபத்தையும் கூட்டுகிறது. இதய நாடி நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று இனித்தான் பார்க்கப்போகிறோம். நோவை மறைத்துக்கொண்டு ஓடினால் முழங்காலும் தேறாது. முன்பக்க நோவுக்குப் பெரும்பாலும் சீற் தாழ்ந்திருப்பதும், கனமான கியரில் மெதுவாக மிதிப்பதுமே காரணம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை மடங்கியிருக்க வேண்டும். சீற்றை ஒரு தடவையில் மூன்று நான்கு மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்தாதீர்கள். லேசான கியரில் நிமிடத்துக்கு 85, 90 சுற்று மிதிக்கப் பழகுங்கள். இவையெல்லாம் வைத்தியர் ஓடலாம் என்று சொன்ன பிறகு.

விரல் விறைப்பு உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து நரம்பு ஹாண்டிலில் நசிவதால் வருவது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், முழங்கையை மடக்கிப் பாரத்தைக் குறையுங்கள். விரல்களை விரிக்கவே பலமில்லாமல் போனால் காட்டுங்கள், வேறொன்றும் வேண்டாம். சீற்றில் படும் இடம் விறைப்பதும் இப்படித்தான்: டைம் ட்ரயலுக்காகக் குனியும்போது இடுப்பு முன்னே உருண்டு, பாரமெல்லாம் சீற்றின் மூக்கில் ஏறுகிறது. அந்த மூக்கை ஒன்றிரண்டு பாகை கீழே சரியுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து மிதியுங்கள். சில மணித்தியாலத்தில் போகிற மரமரப்பால் பொதுவாக ஆண்மை போகாது. ஆனால் மரமரப்பு இல்லாத நாட்களிலும் தாம்பத்தியத்தில் தடுமாற்றம் இருந்தால் கூச்சப்படாமல் அதே வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்குள்ள நாடிகள் இதய நாடியைவிடச் சிறியவை, சில வருடம் முந்தியே அடைபடக்கூடியவை.

போட்டி நடத்துபவர்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்டால், படுத்தபடி எடுத்த ஈசிஜியை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். ட்ரெட்மில்லுக்குப் போகும்போது ஓட்டச் சப்பாத்தைக் கொண்டுபோங்கள், சைக்கிள் சப்பாத்து அந்தப் பட்டியில் வழுக்கும்.